பட்டாளத்துக்குப் போட்ட டர்னிப்

டர்னிப் என்ற பெயரை நான் முதலில் கேட்டது திண்டிவனத்தில், மிஷன் ஆஸ்பத்திரியின் சமையற்கட்டில். என் அம்மா அங்கே பாத்திரம் தேய்த்தாள். அப்பா ரயில் பாதையில் கல் அள்ளிப் போடும் கூலி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் பிற்பாதி. எனக்குப் பாவாடை முழங்காலுக்கு மேல் ஏறி, அம்மா அடியில் துணி வைத்துத் தைத்துக்கொண்டிருந்த வயது.

கார்த்திகை மழை விட்டதும் ஆஸ்பத்திரித் தோட்டத்தில் இங்கிலீஷ் காய்கறி போடுவார்கள். கேரட்டையும் பீட்ரூட்டையும் நோயாளிகள் நிறத்துக்காகவாவது தின்றார்கள். டர்னிப்பை யாருக்கும் பிடிக்காது. பார்க்க அழகாகத்தான் இருக்கும். பம்பரம் மாதிரி உருண்டை, அடியில் வால், உடம்பெல்லாம் வெள்ளை, தோளில் மட்டும் கத்தரிப்பூ நிறம். அதைச் சதுரமாக நறுக்கி, ஆட்டு எலும்போடு வேகவைத்து, மிளகுத்தூள் தூவி, பிரசவித்த பெண்களுக்கு சூப்பாகக் கொடுப்பார்கள். அவர்கள் எலும்பை உறிஞ்சிவிட்டுக் கிழங்கைக் கிண்ணத்தின் அடியிலேயே விட்டுவிடுவார்கள்.

கிழங்கு சூப்புக்குப் போனதும் தழை குப்பைக்குப் போகும். அம்மா அதைக் குப்பைக்கு விடமாட்டாள். மடியில் கட்டிக்கொண்டு வருவாள். ஒருநாள் டாக்டரம்மா அதைப் பார்த்துவிட்டார். அவர் வெள்ளைக்காரி, தமிழைப் புத்தகத்தில் படித்துக் கற்றவர், ஆகையால் புத்தகம் மாதிரியே பேசுவார்.

"நல்ல காரியம் செய்கிறாய். கிழங்கில் தண்ணீர்தான் அதிகம். சத்தெல்லாம் இலையில் இருக்கிறது. நீ கெட்டிக்காரி" என்றார்.

அம்மா வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொல்லிச் சிரித்தாள். "கெட்டிக்காரியாம். வூட்ல கொழம்பு இல்லாதவ எல்லாம் கெட்டிக்காரிதான்."

அந்தத் தழையைப் பொடியாக அரிந்து, துவரம்பருப்பும் பூண்டும் பச்சைமிளகாயும் போட்டு வேகவைத்து, மத்தால் கடைவாள். கடுகுக் கீரை மாதிரி நாக்கின் ஓரத்தில் லேசாக ஒரு கார்ப்பு நிற்கும். கேப்பைக் களிக்கு அதைவிடப் பொருத்தமாக எதையும் நான் பிறகு சாப்பிட்டதில்லை.

யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது எனக்குக் கல்யாணம் ஆயிற்று. காணைக்குப் பக்கத்தில் ஒரு சேரி. வீட்டில் மூன்று பேர்: அவர், அவருடைய அம்மா, நான். மாமனார் எப்போதோ இறந்துவிட்டார். அவர்களுக்குச் சொந்தமாக நிலம் கிடையாது. அன்று வரைக்கும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு உழுதவர், எனக்குத் தாலி கட்டின கையோடு கிணற்றுப் பாய்ச்சல் உள்ள ஒரு துண்டு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தார். பேச்சு குறைவான மனிதர். சந்தோஷம் வந்தால் விசிலடிப்பார். வருத்தம் வந்தால் அதுவும் இருக்காது.

பர்மா அரிசி நின்றுபோன காலம் அது. ரேஷன் கடையில் அரிசி பாதி, மக்காச்சோளம் பாதி என்று போட்டார்கள். மக்காச்சோளத்தை எப்படி ஆக்குவது என்று யாருக்கும் தெரியவில்லை. இடித்துக் கஞ்சி வைத்தோம், வயிறு கனத்தது. விழுப்புரம் ஜங்ஷனுக்கு வெளியே பட்டாளம் கூடாரம் போட்டிருந்தது. அவர்களுக்குக் காய்கறி போடும் காண்ட்ராக்டர் ஒருவர் ஐப்பசியில் எங்கள் ஊருக்கு வந்தார். கையில் ஒரு தகர டப்பா. அதற்குள் கடுகு மாதிரி விதை.

"டர்னிப்பு. ரெண்டு மாசத்துல கைக்கு வந்துடும். வெள்ளைக்காரச் சிப்பாய்ங்க இது இல்லாம சோறு துன்ன மாட்டாங்க. எவ்ளோ வெளஞ்சாலும் நானே வண்டி கட்டிக்கினு வந்து எடுத்துக்கறேன்" என்றார்.

மற்றவர்கள் தயங்கினார்கள். என் கணவர் தயங்கவில்லை. கிணற்றை ஒட்டின பாதி நிலத்தில் நெல்லுக்குப் பதில் டர்னிப் விதைத்தார். நான் அந்தக் காயைக் கண்டவள் என்பதால் எனக்கும் ஒரு பெருமை. செடி கிளம்பி இலை விரிந்ததும் மாமியார் இடுப்பில் கைவைத்துக்கொண்டு வரப்பில் நின்றாள்.

"இது நூக்கோல் தான்டி?"

"இல்ல அத்த. நூக்கோல் மண்ணுக்கு மேல உருளும். இது மண்ணுக்குள்ள."

"இன்னாவோ போ. முள்ளங்கிக்கும் முட்டகோசுக்கும் பொறந்தது மாதிரி கீது."

அப்போது எனக்கு ஐந்தாம் மாதம் கடந்திருந்தது. ஊரில் வாயும் வயிறுமாக இருக்கிறவளுக்குச் சட்டங்கள் உண்டு. முருங்கைக் கீரை சூடு, ஆகாது. அகத்தி ஆகாது. பசலை குளிர்ச்சி, ஆகாது. பப்பாளியைப் பற்றிப் பேசவே கூடாது. மாமியார் பொல்லாதவள் அல்ல. அவளுக்கு முன்பு இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே கலைந்திருந்தன, அந்தப் பயம். கூடை கூடையாகக் கீரை கிடைக்கிற ஊரில் நான் கஞ்சியும் புளித்தண்ணீரும் குடித்துக்கொண்டு பிள்ளை வளர்த்தேன்.

மார்கழியில் எனக்கு ஒரு கோளாறு வந்தது. பொழுது சாய்ந்தால் கண் மங்கியது. பகலெல்லாம் நன்றாகத் தெரியும். விளக்கு வைக்கிற நேரத்துக்கு யாரோ முகத்தின் மேல் சாக்கைப் போட்டு மூடினாற்போல இருக்கும். வெளியே சொல்லவில்லை. வந்து ஒரு வருஷம்கூட ஆகாத மருமகள், குருடி என்று பேர் வாங்கப் பயம். கன்றுக்குட்டி கட்டின முளையில் தடுக்கி ஒருநாள் முழங்காலைச் சிராய்த்துக்கொண்டேன். இன்னொரு நாள் உப்புச் சட்டி என் கைக்குப் பக்கத்தில் இருந்தும் துழாவிக்கொண்டிருந்தேன். மாமியார் சட்டியை எடுத்து என் கையில் வைத்தாள்.

"எத்தினி நாளா?" என்றாள்.

நான் அழுதுவிட்டேன்.

"அழுவாத. இவன் வவுத்துல இருக்கும்போது எனக்கும் இப்டித்தான். கோழி மாதிரி பொழுதோட படுத்துடுவேன். புள்ள பொறந்தா சரியாப் பூடும். அவங்கிட்ட சொல்லாத, பயந்துக்குவான்."

அன்றிலிருந்து சாயங்கால வேலைகளை எல்லாம் அவளே இழுத்துப் போட்டுக்கொண்டாள். ஏன் என்று மகன் கேட்டதற்கு, "எனக்குக் குந்திக்கினு இருந்தா இடுப்பு புடிக்குது" என்றாள்.

தை பிறந்தது. டர்னிப் தோள் தெரிய மண்ணைப் பிளந்துகொண்டு நின்றது. பொங்கல் கழிந்து காண்ட்ராக்டருக்காகக் காத்திருந்தோம். வரவில்லை. என் கணவர் விழுப்புரத்துக்கு நடந்தே போனார். பொழுது சாயத் திரும்பி வந்தார். விசில் சத்தம் கேட்கவில்லை.

"பட்டாளம் பூட்ச்சி. எங்கன்னு ஒருத்தனுக்கும் தெரியல. கூடாரத்து முளை புடுங்கின குழிதான் கீது" என்றார்.

"காண்ட்ராக்டரு?"

"அவனும் கூடவே பூட்டான் போல."

மறுநாள் ஒரு மூட்டை பிடுங்கி விழுப்புரம் மார்க்கெட்டுக்குத் தலையில் சுமந்து போனார். கடைக்காரர் ஒருவர் ஒன்றை வெட்டி வாயில் போட்டு, "முள்ளங்கின்னா முள்ளங்கி மாதிரி இருக்கணும். இது எதுலயும் சேத்தி இல்ல. மாட்டுக்குப் போடு" என்றாராம். அவர் மூட்டையை அப்படியே திருப்பிக் கொண்டுவந்து வாசலில் போட்டார். மூன்று நாள் யாரோடும் பேசவில்லை. நான்காம் நாள் காலையில், "மாட்ட அவுத்து உட்டுடப் போறேன். மேஞ்சிட்டுப் போவட்டும். அடிய உழுது மல்லாட்டையாச்சும் போடறேன்" என்று கிளம்பினார். எங்கள் பக்கம் வேர்க்கடலையை மல்லாட்டை என்போம்.

மாமியார்தான் தடுத்தாள். "வெளஞ்சத மாட்டுக்குப் போட்டுட்டு நாம மக்காச்சோளத்த துன்றதா? இரு, நான் ஆக்கறேன்."

ஆக்கினாள். மரவள்ளிக்கிழங்கு மாதிரி வேகும் என்று நினைத்து, மூடி போட்டு, அடுப்பிலேயே நெடுநேரம் விட்டுவிட்டாள். மூடியைத் திறந்ததும் கெட்டுப்போன முட்டை மாதிரி ஒரு வாடை கிளம்பியது. அடுத்த வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "இன்னாக்கா, எலி செத்துப் பூட்ச்சா?" என்றாள். மாமியார் சட்டியோடு கொண்டுபோய்க் குப்பையில் கவிழ்த்தாள். கவிழ்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். "ஆஸ்பத்திரியில துன்னுவாங்கன்னு சொன்னியே. எப்டிடி துன்னாங்க?"

அவர்கள் தின்னவில்லை என்று நான் சொல்லவில்லை. நானும் ஒரு கை பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் தெரிந்துகொண்டது, தோலைச் சிக்கனமாகச் சீவக் கூடாது. கசப்பும் நாரும் தோலுக்குக் கீழேயே ஒரு வளையமாக ஓடுகின்றன. அந்த வளையம் போகிற அளவுக்குச் சீவ வேண்டும். எலுமிச்சம்பழம் அளவுள்ள பிஞ்சு தித்திக்கும். தேங்காய் அளவுக்குப் பெருத்தது சக்கை. இரண்டாவது, மூடி போடக் கூடாது. திறந்த சட்டியில் வெந்தால் வாடை ஆவியோடு போய்விடும். விரலால் அழுத்தி அமுங்கியதும் இறக்கிவிட வேண்டும். அன்றைக்கு மெல்லிசாக அரிந்து, உப்பு மஞ்சள் போட்டு அரைவேக்காடாக எடுத்து, கடுகும் காய்ந்த மிளகாயும் தாளித்துப் புரட்டி, வறுத்த மல்லாட்டையை இடித்துத் தூவினேன். மல்லாட்டை கசப்பை மறைத்துவிட்டது.

மாமியார் ஒரு வாய் எடுத்தாள். இரண்டாவது வாயும் எடுத்தாள். அவளிடமிருந்து அது பெரிய பாராட்டு.

மறுநாள் நெத்திலிக் கருவாடு போட்டுப் புளிக்குழம்பு வைத்தோம். அதில்தான் டர்னிப் எங்கள் வீட்டுக் காயாக மாறியது. தனியாக ருசி இல்லாத காய், பக்கத்தில் இருக்கிறதன் ருசியை எல்லாம் குடித்துக்கொள்கிறது. கருவாட்டுக் குழம்பில் கத்தரிக்காய் குழைந்து போகும். இது குழையாமல், உள்ளே சாறு கட்டிக்கொண்டு நிற்கும். அவர் அன்றைக்கு மக்காச்சோளக் கஞ்சியையே இரண்டு முறை கேட்டு வாங்கிக் குடித்தார். சேரிக் குழந்தைகள் பச்சையாகவே உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுக் கடித்தார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் மாமியார் அள்ளிக் கொடுத்தாள். அரிசி இல்லாத வீடுகளில் அது ஒரு வேளை வயிற்றை நிரப்பியது. நிரப்பியது என்றுதான் சொல்லலாம், பசி சீக்கிரமே திரும்பி வரும். டாக்டரம்மா சொன்னபடி தண்ணீர்தானே.

தழை குவிந்து கிடந்தது. நான் அம்மா செய்கிற மாதிரி பருப்புப் போட்டுக் கடைந்தேன். கடைந்துவிட்டு மாமியாரின் முகத்தைப் பார்த்தேன். கீரை ஆயிற்றே.

மாமியார் யோசித்தாள். "இது சூடா, குளிர்ச்சியா?"

"தெரியல அத்த. ஆஸ்பத்திரியில பெத்தவங்களுக்குக் குடுப்பாங்க." கிழங்கைக் கொடுப்பார்கள் என்பதைத் தழைக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டேன்.

"முருங்கைன்னா எனக்குத் தெரியும், அகத்தின்னா தெரியும். இதப் பத்தி எவளும் ஒண்ணும் சொல்லி வெக்கல. துன்னு. துன்னு பாப்போம்."

சட்டம் இல்லாத கீரை அது ஒன்றுதான். தினமும் தின்றேன். மதியம் கடைசல், ராத்திரிக்குக் கேப்பை அடையில் வெங்காயத்தோடு பிசைந்து தட்டியது. நாக்கு அதையே கேட்டது. மாசி பிறந்து கொஞ்ச நாளில், ஒரு சாயங்காலம், வாசலில் உட்கார்ந்து சோளத்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். மாமியார் மாட்டைக் கட்டிவிட்டு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏண்டி, கல்லு தெரியுதா உனக்கு?"

அப்போதுதான் நானும் கவனித்தேன். வெளிச்சம் போய்விட்டிருந்தது. முறத்தில் கல் தனியாக, சோளம் தனியாகத் தெரிந்தது.

என்னைப் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு அனுப்ப வேண்டிய மாதம் வந்தது. வெறுங்கையோடு சம்பந்தி வீட்டுக்குப் போக மாமியாருக்கு மனசில்லை. கொண்டுபோகிறதற்கும் வீட்டில் வேறு ஒன்றும் இல்லை. இரண்டு மூட்டை டர்னிப்பைத் தழையோடு கட்டிக்கொண்டு, விழுப்புரத்தில் பாசஞ்சர் ஏறினோம். அவர், மாமியார், நான். பெட்டி முழுக்கச் சனம். ஒருவர் மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டே, இது என்ன என்று கேட்டுக்கொண்டு வந்தார்.

ஒரு மூட்டையை அம்மாவின் மூலமாக ஆஸ்பத்திரிச் சமையற்கட்டுக்குக் கொடுத்தோம். அங்கேயும் அரிசித் தட்டுப்பாடுதான், சந்தோஷமாக வாங்கிக்கொண்டார்கள். டாக்டரம்மாவுக்கு அதற்குள் தலை நன்றாக நரைத்திருந்தது. என்னைச் சோதித்துப் பார்க்கும்போது மாமியாரே கண் விஷயத்தை எடுத்தாள். டாக்டரம்மா என் இமையை விலக்கிப் பார்த்துவிட்டு, என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார். சொன்னேன்.

"அது மாலைக்கண். குழந்தை உன் உடம்பிலிருந்து சத்தை எடுத்துக்கொள்கிறது. அதைத் திருப்பிக் கொடுத்தது அந்த இலை. முருங்கைக் கீரையும் அதையே செய்யும்" என்றார்.

வெளியே வந்ததும் மாமியார் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். "முருங்கயா? கொல்லைல நிக்குதே. நான்தான உன்ன துன்ன உடாம..." என்றாள். பிறகு, "நானும் அந்தக் காலத்துல துன்னல. எங்க மாமியாரும் உடல" என்றாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

இன்னொரு மூட்டையை அவர் வாரச் சந்தையில் சாக்கு விரித்துக் கொட்டினார். கொட்டினாரே தவிர, கூவத் தெரியவில்லை. போகிறவர்கள் காலால் உருட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். மாமியார் பொறுத்துப் பார்த்தாள். பிறகு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"வாங்கம்மா, பட்டாளத்துக்குப் போட்டது! கருவாட்டுல போடுங்க, மல்லாட்ட தூவிப் பொரியல் பண்ணுங்க! தழயத் துன்னா பொழுது சாஞ்சும் ஊசி கோக்கலாம்! எம் மருமவளக் கேளுங்க!"

வயிற்றைத் தள்ளிக்கொண்டு உட்கார்ந்திருந்த என்னை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கூட்டத்தில் ஒரு முஸ்லிம் அம்மாள், வெள்ளைத் துப்பட்டி போர்த்தியவர், குனிந்து ஒன்றை எடுத்தார். முகர்ந்தார்.

"அரே, இது ஷல்கம்தானே! எங்கம்மா ஆற்காட்டுல கறியில போடுவாங்க. எத்தினி வருஷம் ஆச்சு பாத்து! எங்க கெடச்சுது உங்களுக்கு?"

"எங்க நெலத்துலதான்" என்றார் என் கணவர். சந்தையில் அவர் பேசிய முதல் வார்த்தை அது.

"கறி பாதி வெந்தப்பறம் போடணும். எண்ணெயில செவக்க வறுத்துட்டுப் போட்டா கசப்பு இருக்காது" என்று அந்த அம்மாள் மாமியாரிடம் சொல்ல, மாமியார் தோல் சீவுகிற கணக்கை அவரிடம் சொன்னாள். இருவரும் சாக்குக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்து நெடுநாள் சிநேகிதிகள் மாதிரி பேசிக்கொண்டிருந்தார்கள். "எங்க தெருவுல பதினஞ்சு வூடு ஆற்காட்டுக்காரங்க. ஜல்தி கொண்டாங்க, நான் சொல்லி வெக்கறேன்" என்றார் அவர் போகும்போது.

அதன் பிறகு என் கணவர் வாரந்தோறும் ஒரு வண்டி கொண்டுவந்தார். திண்டிவனத்தில் அந்தத் தெருவும் ஆஸ்பத்திரியும் வாங்கின. விழுப்புரத்திலும் அப்படி ஒரு தெரு இருப்பதை அந்த அம்மாளே சொல்லி அனுப்பினார். விற்காமல் நின்றதை மாமியார் வளையம் வளையமாக அரிந்து, உப்பு மோரில் ஊறவைத்துக் காயப்போட்டு வற்றலாக்கினாள். நெல் விளைந்திருந்தால் கிடைத்திருக்கக்கூடியது கிடைக்கவில்லை. ஆனால் நிலம் கையை விட்டுப் போகவில்லை. கடைசி வண்டியோடு அவர் வந்தபோது, தெருமுனையிலேயே விசில் சத்தம் கேட்டது.

பங்குனியில் எனக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியில் எனக்கும் அந்த சூப்பைக் கொண்டுவந்து வைத்தார்கள். கிழங்கையும் சேர்த்துத் தின்றேன். குழந்தையைப் பார்க்க வந்த மாமியார் ஒரு கட்டு முருங்கைக் கீரையைக் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்து, "நல்லா நெறைய போடுங்க சம்பந்தி, பால் ஊறும்" என்றாள்.

விதைக்காக நிலத்தில் ஒரு பாத்தியைப் பிடுங்காமல் விட்டிருந்தார்கள். நான் குழந்தையோடு காணைக்குத் திரும்பியபோது சித்திரை வெயில். செடி பூக்கவே இல்லை. கிழங்கு மரக்கட்டையாக முற்றி, சிலது உள்ளே வெந்து அழுகி இருந்தது. குளிர் தேசத்துக் காய், நம் ஊர்ச் சூட்டில் விதை கட்டாது என்று பிறகு யாரோ சொன்னார்கள். விதை டப்பா வைத்திருந்த காண்ட்ராக்டரையும் அதன் பிறகு நாங்கள் பார்க்கவில்லை. கோடை மழை ஒன்று இறங்கியதும் என் கணவர் அந்தப் பாத்தியையும் சேர்த்து உழுது, மல்லாட்டை விதைத்தார். குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு மாமியார் பின்னாலேயே போய், ஏரில் புரண்டு வந்த கட்டைகளைப் பொறுக்கி வரப்பில் போட்டுக்கொண்டிருந்தாள்.